அங்குலக் கணக்கில் ஒரு திடல்

2023ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ‘லிடோ’ என்றொரு கோல்ஃப் திடலைத் திறந்தார்கள். மண்ணை வெட்டியதும் குவித்ததும் புல்டோசர்கள்தான். எந்த இடத்தில் எத்தனை அடி உயர்த்த வேண்டும், எங்கே எத்தனை அங்குலம் வழிக்க வேண்டும் என்ற கணக்கு ஜி.பி.எஸ். வழியாக அந்த வண்டிகளுக்குப் போனது. அந்தக் கணக்கு பிறந்த இடம்தான் விசித்திரம். அது ஒரு வீடியோ கேமிலிருந்து வந்தது.

அசல் லிடோ நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் 1917ல் திறக்கப்பட்டது. சார்லஸ் பிளேர் மெக்டொனால்டும் சேத் ரேனரும் கடல் மணலை உறிஞ்சிக் கொட்டிச் சதுப்பை மேடாக்கி அமைத்த திடல் அது. அதன் 18ஆவது குழிக்குக்கூட ஒரு கதை உண்டு. 1914ல் ‘கன்ட்ரி லைஃப்’ இதழ் நடத்திய போட்டியில் பரிசு வாங்கிய வரைபடத்தை வைத்து அமைத்தது. வரைந்தவர் அலிஸ்டர் மெக்கன்சி. பின்னாளில் அகஸ்டா திடலை வடிவமைத்தவர்களில் ஒருவர். 1942ல், உலகப் போர்க்காலத்தில், அமெரிக்கக் கடற்படை அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. திடல் போயிற்று. பழைய புகைப்படங்களும், வானிலிருந்து எடுத்த படங்களும், ஆடியவர்கள் எழுதிவைத்த குறிப்புகளும் மிஞ்சின.

பீட்டர் ஃப்ளோரி தொழில்முறை வடிவமைப்பாளர் அல்லர். கோல்ஃப் வரலாற்றில் பித்துப் பிடித்த அமெச்சூர் ஆட்டக்காரர். ‘தி கோல்ஃப் கிளப்’ என்ற வீடியோ கேமில், ஆடுபவரே திடலை வரைந்துகொள்ள ஒரு கருவி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, படம் படமாக ஒப்பிட்டு, செத்துப்போன லிடோவைத் திரையில் எழுப்பினார். அது விஸ்கான்சினில் உள்ள சாண்ட் வேலி என்ற கோல்ஃப் விடுதி வளாகத்தின் உரிமையாளர்களான கைசர் சகோதரர்கள் கண்ணில் பட்டது. டாம் டோக் என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளரைக் கூப்பிட்டார்கள். பழைய இடத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், கடலே இல்லாத ஊரில், லிடோ மறுபடி மண்ணில் இறங்கியது.

பொழுதுபோக்காகச் செய்த ஒரு கணினி வேலை நிஜ நிலத்தைத் தொட்டதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. இதை ஓசூர்ப் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தால், வேறொரு கேள்வி எழுகிறது. நம்மூரில் ஒரு திடலை இப்படிக் கணினிக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் எது தடை? பணமா, ஆளா, மென்பொருளா?

முதலில் ஆளைப் பார்ப்போம். ஓசூரில் ஆளுக்கா பஞ்சம்? அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய ஆலைகள். அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள். சிப்காட் தெருக்களில் டூல் ரூம்கள், டை மோல்டு கடைகள். காலை ஷிஃப்டுக்குப் போகும் பஸ்ஸில் பத்துப் பேரைத் தட்டினால், முப்பரிமாண மாடல் வரையத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். கடிகாரத்தின் பின்மூடி, பைக்கின் பெட்ரோல் டாங்க், பம்பரின் வளைவு எல்லாம் இங்கே முதலில் திரையில் உருவாகி, பிறகு உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் போகின்றன. பெட்ரோல் டாங்கின் வளைவை வரைகிற கைக்கு, கோல்ஃபில் குழி இருக்கும் புல்தரையான கிரீனின் வளைவு புதிதல்ல.

திடலும் இருக்கிறது. ஓசூருக்கு வெளியே க்ளோவர் கிரீன்ஸ் என்ற 18 குழித் திடல். வடக்கே எல்லை தாண்டினால் பெங்களூரு. அங்கே 1876லேயே கோல்ஃப் கிளப் வந்துவிட்டது. 2012ல் இந்தியன் ஓப்பன் போட்டியை நடத்திய கர்நாடகா கோல்ஃப் சங்கத்தின் திடல் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்து, ஒரு வாரம் நாட்டையே கோல்ஃப் பார்க்கவைத்த அதிதி அசோக் ஆடிப் பழகியது அங்கேதான். இன்னும் கொஞ்சம் தள்ளி, பிடதியில் ஈகிள்டன். அங்கே ஆட்டக்காரர்களின் பை தூக்கும் கேடியாகத் தொடங்கி, இந்தியத் தொழில்முறைச் சுற்றில் கோப்பைகளைக் குவித்தவர் சிக்கரங்கப்பா.

மென்பொருளும் தடை இல்லை. கோல்ஃப் கேமுக்குள் திடல் வரையும் வசதி முப்பது வருடத்துக்கும் மேல் பழசு. 1990ல் வந்த ‘ஜாக் நிக்லாஸ் அன்லிமிடெட் கோல்ஃப்’ அதைக் கொடுத்தது. அதே ஆண்டு வந்த ‘லிங்க்ஸ்’ வரிசை நிஜத் திடல்களை ஆள் வைத்து அளந்து, படம் பிடித்துக் காட்டியது. பத்து வருடம் கழித்து ‘லிங்க்ஸ் 2001’ல் அர்னால்டு பால்மர் பெயரில் ஒரு வடிவமைப்புக் கருவியையும் சேர்த்தார்கள். 2011ல் வந்த கேமுக்காக இ.ஏ. நிறுவனம் அகஸ்டாவை லேசர் வைத்து ஸ்கேன் செய்தது. தொலைக்காட்சியில் தட்டையாகத் தெரியும் அந்தத் திடலின் பத்தாவது குழி, உண்மையில் நூறடிக்கு மேல் கீழே இறங்குகிறது என்பது கேம் ஆடியவர்களுக்கு உறைத்தது.

இப்போதைய பரபரப்பு சிமுலேட்டர். ஒரு அறை, ஒரு திரை, பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் அளக்கும் ராடார் அல்லது கேமரா. பந்தை நிஜமாக அடிக்கலாம். அது திரையில் பறக்கும். பெங்களூரு மால்களிலும் வீடுகளிலும் வந்துவிட்டது. இவற்றில் ஓடும் ஜி.எஸ்.ப்ரோ போன்ற மென்பொருள்களுக்கு உலகெங்கும் ஆர்வலர்கள் திடல்களை வரைந்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். கேம் தயாரிக்கும் யூனிட்டி, கோடு வரைய இங்க்ஸ்கேப், வரைந்த கோட்டை மேற்பரப்பாக மாற்ற பிளெண்டர், நில வரைபடத்துக்கு க்யூ.ஜி.ஐ.எஸ். இவை போதும். ஓர் ஆர்வலர் இவற்றைக் கைக்காசு போடாமல் இறக்கிக்கொள்ளலாம்.

வேலை நடக்கும் விதம் இப்படி. முதலில் நிலத்தின் உயரப் படம். சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம். வெளுப்பு என்றால் மேடு, கறுப்பு என்றால் பள்ளம். அதை யூனிட்டிக்குள் இறக்கினால் புல்லும் மரமும் இல்லாத மொட்டை நிலம் எழுந்து நிற்கும். அடுத்து, செயற்கைக்கோள் படத்தை அடியில் வைத்து, குட்டையாக வெட்டிய புல்வழியான ஃபேர்வே எது, நீள்புல்லான ரஃப் எது, மணல்பள்ளமான பங்கரின் உதடு எங்கே வளைகிறது என்று மேலே கோடு இழுக்க வேண்டும். கோட்டை மேற்பரப்பாக்கி மொட்டை நிலத்தின்மீது படியவைக்க வேண்டும். பிறகு புல்லின் நிறம், மணலின் நிறம், மரம், வேலி, தண்ணீர். கடைசியில் ஆடிப் பார்த்து, நிஜப் புகைப்படத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். பொறுமை இருந்தால் சில மாதங்களில் ஒரு திடல்.

ஆனால் முதல் படியைத் தாண்டினால்தான் இதெல்லாம். ஓசூரில் மாட்டிக்கொள்வது அந்த முதல் படியில்தான்.

இங்கிலாந்தில் ஒருவர் தன் ஊர்த் திடலை வரைய நினைத்தால், அரசின் சுற்றுச்சூழல் முகமை விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி எடுத்த லைடார் தரவு இலவசம். மீட்டருக்கு மீட்டர் உயரம் இருக்கும். மரத்தில் பட்டுத் திரும்பிய ஒளியைக் கழித்துவிட்டுத் தரையை மட்டும் பிரித்தெடுக்கலாம். வெள்ளம் எங்கே ஏறும் என்று கணக்குப் போட எடுத்த தரவு அது. கோல்ஃப் ஆட்களுக்கு அதிர்ஷ்டமாக வாய்த்தது. அமெரிக்காவிலும் புவியியல் அளவைத் துறை இதே மாதிரி நாடெங்கும் எடுத்து அடுக்கியிருக்கிறது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்தால் தூங்கப் போவதற்குள் மொட்டை நிலம் தயார்.

நமக்கு என்ன கிடைக்கும்? இந்திய சர்வே துறையின் 1:50,000 வரைபடத்தில் சம உயரக் கோடுகளுக்கு இடையே 20 மீட்டர். ஒரு கோல்ஃப் திடலின் மொத்த ஏற்ற இறக்கமே ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும் என்பதால், முழுத் திடலுக்கும் ஒன்றிரண்டு கோடுகள் ஓடினால் அதிகம். செயற்கைக்கோள் தரவு? 2000ஆம் ஆண்டு அமெரிக்க விண்ணோடம் ராடார் வைத்து எடுத்ததும், நம் கார்ட்டோசாட் படங்களிலிருந்து இஸ்ரோ உருவாக்கியதும் இலவசம். இரண்டிலும் 30 மீட்டருக்கு ஓர் உயரம். அதாவது 900 சதுர மீட்டருக்கு ஒரே எண். பந்தைக் கடைசியாக உருட்டிக் குழியில் போடும் இடமான கிரீன், சராசரியாக 500, 600 சதுர மீட்டர்தான். முழு கிரீனும் ஒரே எண்ணுக்குள் அடங்கிப்போகும். அந்த எண்ணிலும் சில மீட்டர் பிழை இருக்கும். தோப்பு இருந்தால் மர உச்சியைத் தரை என்று சொல்லிவிடும்.

கிரீனில் பேசப்படும் சரிவு எவ்வளவு தெரியுமா? மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர். குழியை வைக்கத் தகுந்த இடம் பெரும்பாலும் மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால், நன்றாக அறுத்த புல்லில் பந்து நிற்காது. ஆட்டத்தின் பாதி மர்மம் இந்த இரண்டு மூன்று சென்டிமீட்டரில் இருக்கிறது. அதைச் சில மீட்டர் பிழையுள்ள தரவில் தேடுவது வீண்வேலை.

வேடிக்கை என்னவென்றால், இந்தியாவில் முறையாக அளக்கப்பட்ட நிலங்களில் முன்வரிசை கிருஷ்ணகிரிப் பக்கத்து நிலம். 1792ல் திப்புவிடமிருந்து, கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் கும்பினியார் கைக்கு வந்ததும், கேப்டன் அலெக்சாண்டர் ரீட் வந்து இறங்கினார். கூடவே உதவியாளராக தாமஸ் மன்றோ. வயல் வயலாக அளந்து வரி போட்டார்கள். ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் கால்கோள். அந்த வழியில் வந்ததுதான் இன்று நாம் இ-சேவை மையத்தில் எடுக்கும் எஃப்.எம்.பி. ஸ்கெட்ச். புல எண் சொன்னால், எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு எத்தனை மீட்டர் என்று துல்லியமாக வந்துவிடும். ஆனால் அந்தத் தாளில் ஓர் இடத்திலாவது உயரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது. வரி போடுகிறவனுக்கு நிலத்தின் விஸ்தீரணம் போதும். அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது அவன் கவலை இல்லை. இருநூறு வருடமாக நம் நிலப் பதிவேடு தட்டையாகவே இருந்துவருகிறது.

உயரத்தைக் கவனித்த ஆளும் இந்த வழியாகத்தான் போனார். 1802ல் சென்னை பரங்கிமலை அருகே அடித்தளக்கோடு போட்ட வில்லியம் லாம்டன், மலைக்கு மலை கோணம் பார்த்துக்கொண்டே மேற்கே வந்து, 1804ல் பெங்களூரில் இன்னொரு அடித்தளக்கோட்டை நேரடியாக அளந்து சரிபார்த்தார். கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் தூரம் முக்கோணங்களாக இழுத்துவந்த கணக்குக்கும், தரையில் சங்கிலி போட்டு அளந்ததற்கும் வித்தியாசம் நான்கு அங்குலத்துக்கும் குறைவு. இன்றைக்குப் படித்தாலும் மலைப்பு. ஆனால் லாம்டனுக்கு வேண்டியது பூமியின் வளைவு. மலை உச்சிகள் அவருக்குப் புள்ளிகள். இரண்டு மலைகளுக்கு நடுவே கிடந்த கேழ்வரகுக் காடு எப்படி வளைந்திருந்தது என்பது ரீட் கணக்கிலும் இல்லை, லாம்டன் கணக்கிலும் இல்லை.

இந்த நிலைமை மாறப் போகிறது என்று கொள்கை அளவில் சொல்லியிருக்கிறார்கள். 2021 பிப்ரவரியில் வரைபடக் கட்டுப்பாடுகளை மத்திய அரசு தளர்த்தியது. 2022 தேசிய புவிசார் கொள்கை, 2030க்குள் சமவெளிகளுக்கு 25 சென்டிமீட்டர் துல்லியத்தில் உயர மாதிரி வேண்டும் என்கிறது. வந்தால் நல்லது. அது கோல்ஃபுக்காக அல்ல, ஏரி உபரிநீர் எந்தத் தெருவில் புகும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஓசூரில் ஏரிகளைச் சுற்றிக் குடியிருப்புகள் நெருக்கிக்கொண்டு வரும் வேகத்துக்கு, அந்தக் கணக்கு நேற்றே வந்திருக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு ட்ரோன். பறந்தபடி, ஒன்றின்மேல் ஒன்று முக்கால் பங்கு படியும் மாதிரி நூற்றுக்கணக்கில் படம் எடுத்தால், கணினி அவற்றைத் தைத்து உயரத்தைக் கணக்கிட்டுவிடும். இலவச மென்பொருளே உண்டு. தரையில் சில இடங்களில் துல்லிய ஜி.பி.எஸ். வைத்துக் குறி போட்டால் சென்டிமீட்டர் கணக்கில் வரும். ஆனால் 2021 ட்ரோன் விதிகள்படி விமான நிலையச் சுற்றுவட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. ஓசூரை அடுத்த பெலகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனத்தின் விமான ஓடுதளம் இருக்கிறது. எனவே டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் நம் இடம் பச்சையா மஞ்சளா என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் கிளப்ப வேண்டும். திடல் உரிமையாளரின் சம்மதம் தனி. இன்னொன்று, கேமரா மரத்தின் தலையைத்தான் பார்க்கும். அடியிலிருக்கும் தரையை லேசர்தான் எட்டும். லேசர் ட்ரோன் ஆர்வலர் வாங்குகிற விலையில் இல்லை.

என்னைக் கேட்டால், ஃபேர்வேக்கு ட்ரோன். கிரீனுக்கு நம்மூர் வழி. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ படிக்கும் எந்தப் பையனைக் கேட்டாலும் டம்ப்பி லெவலும் ஸ்டாஃபும் வைத்து லெவல் எடுக்கத் தெரியும். அதுவும் வேண்டாம், கொத்தனாரின் டியூப் லெவல் போதும். மாடித் தளத்தில் மழைநீர் எந்தக் குழாய்க்கு ஓட வேண்டும் என்று அவர் வாட்டம் பார்க்கும் அதே தண்ணீர்க் குழாய். கிரீனில் ஒரு மீட்டருக்கு ஒரு புள்ளி என்று கயிறு கட்டினால் ஐந்நூறு, அறுநூறு புள்ளிகள். பராமரிப்புக்காக ஆட்டம் இல்லாத நாளில், புல்லை மிதிக்கத் தெரிந்த நாலு பேர் இருந்தால் ஒரு கிரீன் முடியும். எண்களை எக்செல்லில் அடித்தால், அது உயரப் படமாக மாறிவிடும். லேசர் வைத்து அகஸ்டாவில் எடுத்த கணக்குக்கு இது பக்கத்தில் வரும் என்று சொல்ல மாட்டேன். செயற்கைக்கோள் தரும் 30 மீட்டர் எண்ணை விட நூறு மடங்கு மேல் என்று தைரியமாகச் சொல்வேன்.

அளவு வந்த பிறகும் சரியா என்று யார் சொல்வது? கேடிகளும் மாலிகளும்தான். தினமும் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பவருக்கும், விடிகாலையில் புல் அறுப்பவருக்கும் எந்த கிரீனில் பந்து கடைசி இரண்டடியில் திரும்பும் என்று காலே சொல்லிவிடும். கண்ணுக்கு வலப்பக்கம் சாய்வு தெரியும். பந்து இடப்பக்கம் போகும். தூரத்து மலைச்சரிவு கண்ணை ஏமாற்றுவதால் வரும் குழப்பம் அது. மலை சூழ்ந்த ஊர்த் திடல்களில் இது சகஜம். திரையில் வரைந்த கிரீனில் அவர்களை ஆடவிட்டு, தப்பு என்று அவர்கள் சொல்லும் இடத்தை மறுபடி அளக்க வேண்டும். திடலைக் கட்டியவர், வரைந்தவர், ஆடியவர் பெயர்கள் எல்லாம் பதிவாகும் இந்தத் துறையில், இவர்கள் பெயரையும் போட வேண்டும் என்பது என் கட்சி.

உயரம் கிடைத்துவிட்டால் மீதி சுவாரஸ்யமான வேலை. அங்கேயும் ஒரு சிக்கல். ஆயத்தமாகக் கிடைக்கும் மரங்களின் பட்டியலைத் திறந்தால் பைன், ஓக், மேப்பிள். தப்பித்தவறி நாலு பனை வகைகள். புங்கன் இல்லை, வேம்பு இல்லை, மாமரம் சுத்தமாக இல்லை. மாந்தோப்பே இல்லாமல் கிருஷ்ணகிரி மாவட்டமா! இந்தியத் திடல்களை வெளிநாட்டு ஆர்வலர் யாராவது வரைந்தால், அது ஃப்ளோரிடாவின் சாயலில் வந்து நிற்பது இதனால்தான். பாறையும் அப்படியே. இங்குள்ள உருண்டைக் கற்பாறைகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பவை, ஸ்காட்லாந்துப் பாறை மாதிரியைத் திருப்பி வைத்தால் வராது. ஆனால் இது ஓசூர் ஆட்களுக்குக் கஷ்டமே இல்லை. ஒரு புளியமரத்தையும் ஒரு பாறையையும் ஃபோன் கேமராவில் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து மாடலாக்கிப் பொதுவில் போட்டுவிட்டால், தென்னிந்தியாவை வரைய நினைக்கும் எல்லாருக்கும் உதவும்.

காற்றையும் மறக்கக் கூடாது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிவதால் பந்து சென்னையில் போவதை விட நூற்றுக்கு மூன்று கஜம்போலக் கூடுதலாகப் போகும். சிமுலேட்டரில் உயரத்தைச் சொல்ல ஒரு கட்டம் உண்டு. நிரப்பாமல் விட்டால், 200 கஜம் அடிப்பவருக்கு ஆறு கஜம் காணாமல் போகும். புல்லின் வேகமும் அப்படித்தான். ஸ்டிம்ப்மீட்டர் என்ற சிறு உலோகச் சரிவிலிருந்து பந்தை உருட்டிவிட்டு, எத்தனை அடி ஓடுகிறது என்று பார்ப்பார்கள். 1935ல் எட்வர்டு ஸ்டிம்ப்சன் கண்டுபிடித்த எளிய கருவி. மழைக்காலத்தில் ஓர் எண், பங்குனி வெயிலில் ஓர் எண். திரையில் இரண்டையும் வைக்கலாம்.

யானையை வைக்க முடியுமா என்று தெரியவில்லை. தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளிலிருந்து சானமாவு வரை யானைக் கூட்டம் வந்து போகும் பகுதி இது. கோல்ஃப் விதிப் புத்தகத்தில், விலங்கு தோண்டிய வளையில் பந்து விழுந்தால் சலுகை உண்டு; வளைக்கு இட்டுச் செல்லாத காலடித் தடத்துக்குச் சலுகை கிடையாது. எழுதியவர்கள் முயலையும் மாட்டையும் நினைத்து எழுதியிருப்பார்கள்.

சரி, எந்தத் திடலை முதலில் வரைவது? இப்போது நன்றாக இருக்கும் திடலுக்கு அவசரம் இல்லை. போய்க்கொண்டிருப்பதற்கும் போய்விட்டதற்கும்தான் அவசரம்.

கிருஷ்ணகிரியிலிருந்து வடக்கே எல்லை தாண்டினால் கோலார் தங்கவயல். ஜான் டெய்லர் கம்பெனிக் காலத்தில், சுரங்கத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் ஆட அமைத்த கோல்ஃப் திடல் அங்கே உண்டு. கீழே மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கித் தங்கம் எடுத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வடாற்காட்டிலிருந்தும் சேலம் ஜில்லாவிலிருந்தும் போன குடும்பங்கள். மேலே துரைமார் ஆட்டம், கீழே இவர்கள் வேலை. 2001 பிப்ரவரி 28ல் சுரங்கத்தை மூடினார்கள். அந்த ஊரின் மேட்டிலும் பள்ளத்திலும் பாதி, சுரங்கம் கக்கிய சயனைடு மண்மலைகள். அந்நாளைய இந்தியத் திடல்கள் பலவற்றில் கிரீனுக்குப் பதில் ‘பிரவுன்’ இருந்தது. தண்ணீர் இல்லாத ஊரில் புல்லுக்கு எங்கே போவது? மணலில் எண்ணெய் கலந்து கெட்டித்து, ஆடும் முன் கேடி ஒரு முறை இழுத்துச் சமன் செய்துவிடுவார். எந்தக் கேமிலும் பிரவுன் என்ற தரை வகையை நான் பார்த்ததில்லை. தங்கவயல் போன்ற ஊரை அதன் பழைய கோலத்தில் வரைவதென்றால், அந்தத் தரையை முதலில் உருவாக்க வேண்டும். பந்து அதில் எப்படி உருளும் என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே செய்தால் நல்லது.

போய்விட்டதற்கு உதாரணம் கிண்டி. குதிரைப் பந்தயத் திடலுக்குள் மெட்ராஸ் ஜிம்கானா கிளப் நெடுங்காலம் கோல்ஃப் ஆடியது. 2024 செப்டம்பரில் தமிழக அரசு குத்தகை நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது; மழைநீர் தேங்கக் குளங்கள் வெட்டியது. வேளச்சேரியில் கழுத்தளவு தண்ணீரைப் பார்த்தவர்கள் யாரும் அந்தக் குளங்களைக் குறை சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. 160 ஏக்கரில் சிலர் ஆடுவதை விட ஊர் முழுகாமல் இருப்பது பெரிது. ஆனால் மண்வெட்டும் இயந்திரம் போகும் முன், அந்த நிலத்தை ஒரு முறை ஸ்கேன் செய்து வைத்திருக்க எவ்வளவு செலவாகியிருக்கும்? நிலம் யாருக்கு என்பது ஒரு வழக்கு. நிலம் எப்படி இருந்தது என்பது வேறு விஷயம். லிடோவுக்குப் புகைப்படமாவது மிஞ்சியது.

கோல்ஃபை விட்டுவிட்டு ஓசூரையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோஜாத் தோட்டமாக இருந்த இடம் லேஅவுட் ஆகிறது, குன்று குவாரி ஆகிறது, கேழ்வரகு விளைந்த மேடு தொழிற்பேட்டைக்காகச் சமன் செய்யப்படுகிறது. ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள் வந்துபோகும் அளவுக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். ஜே.சி.பி. ஒரு வாரத்தில் மாற்றிவிடும் மேடு பள்ளத்துக்கு எந்த ஆவணத்திலும் பதிவு இல்லை. கேம் பித்தர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் இந்த முறைகளை ஓர் ஏரிக்கோ குன்றுக்கோ பயன்படுத்த யாரும் தடை சொல்லப் போவதில்லை. கோல்ஃப் திடல் பயிற்சிக்கு நல்ல இடம், அவ்வளவுதான். இரண்டு சென்டிமீட்டர் சரிவைப் பிடிக்கப் பழகிய கைக்கு ஏரிக்கரையின் உடைப்பு தப்பாது.

கடைசியாக ஒரு சட்டச் சங்கதி. திடலின் பெயரும் சின்னமும் கிளப்பின் சொத்து. அதனால் வெளிநாட்டு ஆர்வலர்கள் பிரபலத் திடல்களை அச்சு அசலாக வரைந்துவிட்டு, வழக்குக்குப் பயந்து பெயரைத் திரித்துப் போடுகிறார்கள். பட்டியலைப் பார்ப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். ஓசூர்ப் பையன் யாராவது வரைகிறான் என்றால் முறையாகக் கிளப்பில் அனுமதி கேட்டுக்கொள்ளட்டும். கொடுக்காவிட்டால் பெயருக்கா பஞ்சம்? மத்திகிரி, ஒன்னல்வாடி, கெலமங்கலம் என்று சுற்றுப்பட்டில் எத்தனை ஊர் இருக்கிறது.